“மிஸ், என்னோடது காணோம்!” – சின்னப் பசங்களோட ஷேர்டு டாகுமெண்ட்ல வேலை பாக்கும்போது வர்ற கோளாறுகளும் சரி பண்ற வழியும்

ஒண்ணாவது ரெண்டாவது மூணாவது படிக்கற பசங்களை ஒரே கூகுள் டாக்ஸ்லயோ ஸ்லைட்ஸ்லயோ பேட்லெட்லயோ (எல்லாரும் பதிவு ஒட்டற ஆன்லைன் போர்டு) ஒண்ணா உக்கார வெச்சு வேலை வாங்கிப் பாத்தவங்களுக்குத் தெரியும், முதல் அஞ்சு நிமிஷத்துலயே நாலு பக்கத்துலேர்ந்தும் “மிஸ் மிஸ்”னு சத்தம் வரும், அதுல எது மெஷின் கோளாறு எது பசங்க கோளாறு எது நம்ம கோளாறுன்னு பிரிச்சுப் பாக்கவே நேரம் இருக்காது. அதனால இதைக் காரண வாரியா எழுதாம, பசங்க என்ன கத்தறாங்களோ அதையே தலைப்பா போட்டு எழுதறேன். கத்தல் கேட்டா அந்தத் தலைப்புக்கு நேராப் போங்க.

எதுக்குப் போறதுக்கு முன்னாடியும் ஒரு சின்ன சோதனை. எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சனைன்னு பாருங்க. ஒருத்தருக்கு மட்டும்னா அந்த டிவைஸ் இல்லன்னா அந்த அக்கவுண்ட். பக்கத்துப் பக்கத்துல இருக்கற நாலஞ்சு பேருக்குன்னா நெட். எல்லாருக்கும்னா நீங்க போட்ட செட்டிங். இதை முதல்லயே பிரிச்சுட்டா பாதி வேலை முடிஞ்சுது, ஏன்னா நான் ஆரம்பத்துல பண்ணின தப்பே இதுதான், முதல் குழந்தைகிட்ட ஓடிப்போய் அவ லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணிட்டு நிமிர்ந்து பாத்தா கிளாஸே கையைத் தூக்கிட்டு நிக்கும், ஷேரிங்ல ‘எடிட்டர்’னு (எழுதலாம்) வைக்காம ‘வியூவர்’னு (பாக்க மட்டும்தான் முடியும்) வெச்சுத் தொலைச்சிருப்பேன்.

இன்னொண்ணு, “கை மேல!”ன்னு ஒரு கட்டளையை முதல் நாளே பழக்கிடுங்க. சொன்ன உடனே எல்லாக் கையும் கீபோர்டை விட்டு மேல போயிடணும். முப்பது பேர் அடிச்சுக்கிட்டே இருக்கற டாகுமெண்ட்ல ஒண்ணும் ரிப்பேர் பண்ண முடியாது, ஓடற பஸ்ஸுக்கு டயர் மாத்தற கதைதான்.

“என்னோடதை யாரோ அழிச்சுட்டாங்க!”

இதுதான் ராஜா. இதுக்குக் கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

முதல்ல உண்மையிலேயே அழிஞ்சுதான்னு பாருங்க. நெறைய நேரம் அழியலை, நகர்ந்திருக்கும். மேல ஒரு பையன் என்டர் கீ மேல கட்டை விரலை வெச்சுக்கிட்டே ஜன்னல் வழியா வேடிக்கை பாத்திருப்பான், கத்தறவளோட நாலு வரி மூணு பக்கம் கீழ போயிருக்கும். கண்ணுக்குத் தெரியலைன்னா இல்லைன்னுதான் ஆறு வயசுக்கு அர்த்தம். கன்ட்ரோலும் எஃப்பும் அழுத்தி அவ எழுதின ஒரு வார்த்தையைத் தேடுங்க, கிடைச்சா கதை முடிஞ்சுது.

கிடைக்கலைன்னா, “கை மேல” சொல்லிட்டு, ஷேர் பட்டனைத் தட்டி எல்லாரையும் எடிட்டர்லேர்ந்து வியூவரா மாத்துங்க. இப்போ யாரும் எதையும் தொட முடியாது. அப்புறம் ஃபைல் மெனுல வெர்ஷன் ஹிஸ்டரி, அதாவது டாகுமெண்ட் முன்னாடி எப்படி இருந்துதுங்கற பதிவு. கீபோர்டுலேர்ந்தே போகணும்னா கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூணோட எச். அங்க ஒவ்வொருத்தர் எழுதினதும் ஒவ்வொரு கலர்ல வரும், எந்த நேரத்துல காணாமப் போச்சுன்னு பின்னாடி போய்ப் பாக்கலாம்.

இங்கதான் எல்லாரும் விழற குழி. பழைய வெர்ஷனைப் பாத்த சந்தோஷத்துல ‘ரீஸ்டோர்’ அழுத்திடுவோம். அழுத்தினா இவளோட நாலு வரி வரும், ஆனா அதுக்கப்புறம் மத்த இருபத்தொன்பது பேர் எழுதினது கண்ணெதிர்ல மறைஞ்சுடும், இப்போ ஒரு அழுகைக்குப் பதிலா இருபத்தொன்பது அழுகை. நானே பண்ணிருக்கேன், அந்த சத்தம் இன்னும் காதுல இருக்கு. அப்படி அழுத்தித் தொலைச்சுட்டா பயப்பட வேண்டாம், ரீஸ்டோர் பண்றதால புது வெர்ஷன் செத்துப் போறதில்ல, அதே ஹிஸ்டரில அதுவும் இருக்கும், திரும்பப் போய் அதை எடுத்துக்கலாம். ஆனா சரியான வழி, டாக்ஸா இருந்தா பழைய வெர்ஷன்ல அவளோட வரிகளை மட்டும் செலக்ட் பண்ணி காப்பி எடுத்து, இப்போ இருக்கற டாகுமெண்ட்ல ஒட்டறது. ஸ்லைட்ஸா இருந்தா அந்த வெர்ஷன் பக்கத்துல இருக்கற மூணு புள்ளில ‘மேக் எ காப்பி’ குடுத்து, அந்தக் காப்பிலேர்ந்து அவ ஸ்லைடை மட்டும் இங்க கொண்டு வர்றது.

யார் அழிச்சாங்கன்னு ஹிஸ்டரி சொல்லிடும். ஆனா அதை கிளாஸ் முன்னாடி ஸ்கிரீன்ல காட்டாதீங்க. நான் பாத்தவரைக்கும் வேணும்னு அழிச்சவங்க ரொம்பக் கம்மி. ஒரு தடவை ஒரு பொண்ணு தன் வரியை அழிக்கறேன்னு நெனச்சு கன்ட்ரோலோட ஏ-வை அழுத்திட்டு பேக்ஸ்பேஸ் தட்டிட்டா, முப்பது பேர் எழுத்தும் ஒரே நொடில காலி, ஸ்கிரீன் வெள்ளை. அவ என்னை விட பயந்து போயிட்டா. அவளையே கூப்பிட்டு “கன்ட்ரோல் பிடிச்சுக்கிட்டு இசட் தட்டு”ன்னேன், எல்லாம் திரும்பி வந்துடுச்சு. இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, கூகுள் டாக்ஸ்ல அண்டூ அவங்கவங்க பண்ணினதை மட்டும்தான் திருப்பும், நீங்க உங்க கம்ப்யூட்டர்ல எத்தனை தடவை இசட் தட்டினாலும் அவ அழிச்சது வராது. அழிச்ச கையேதான் தட்டணும். அதனால “யாரு அழிச்சது?”ன்னு மெரட்டறதை விட “யாருக்காவது தெரியாம எல்லாம் போயிடுச்சா, அவங்க இசட் தட்டுங்க”ன்னு சொன்னா வேலை சீக்கிரம் முடியும். மெரட்டினா எவனும் ஒத்துக்க மாட்டான், இசட்டும் தட்ட மாட்டான்.

“நான் அடிக்கற இடத்துலயே இவனும் அடிக்கறான்!”

ஒருத்தி பூனைன்னு அடிக்கறா, அதே வரில ஒருத்தன் யானைன்னு அடிக்கறான், ஸ்கிரீன்ல “பூயானைனை”ன்னு ஒரு புது மிருகம் பிறக்குது. இது மெஷின் கோளாறே இல்ல. ஒவ்வொருத்தரும் அடிக்கறது உடனுக்குடன் கூகுளோட சர்வருக்குப் போய், அங்க ஒண்ணா கோக்கப்பட்டு எல்லாருக்கும் வருது, ரெண்டு பேர் ஒரே இடத்துல நின்னா எழுத்து பின்னிக்கத்தான் செய்யும். சாஃப்ட்வேர் அது வேலையைச் சரியாப் பண்ணுது. எந்த இடம் யாரோடதுன்னு நாமதான் காட்டலை.

வெத்து டாகுமெண்டை முப்பது குழந்தைங்ககிட்ட குடுக்கறது, கோடு போடாத ஒரே ஒரு வெள்ளைத் தாளை முப்பது பேர் நடுவுல தூக்கிப் போடற மாதிரி. டாக்ஸா இருந்தா ஒரு டேபிள் போடுங்க, இடது கட்டத்துல ஒவ்வொருத்தர் பேரும் இல்லன்னா நம்பரும் ஒரு குட்டிப் படமும், வலது கட்டம் அவங்க எழுத. பேரைப் படிக்கத் தடுமாறற குழந்தையும் “ஆமை படம் என் வீடு”ன்னு கண்டுபிடிச்சுடும். கட்டத்துக்குக் கலர் போட்டா இன்னும் நல்லது. ஆனா என்னைக் கேட்டா இந்த வயசுக்கு டாக்ஸை விட ஸ்லைட்ஸ்தான் தோது, ஆளுக்கு ஒரு ஸ்லைடு, ஓரத்துல இருக்கற சின்னப் படங்களைப் பாத்தா யாரு எங்க இருக்காங்கன்னு உங்களுக்கும் தெரியும். மேல யாராவது ஸ்லைடு சேத்துட்டா நம்பர் மாறிடும், அதனால “நீ பதினாலாவது ஸ்லைடு”ன்னு சொல்லாதீங்க, பேரை ஸ்லைடுலயே பெருசா எழுதி வெச்சுடுங்க.

முதல் தடவை ஒரே ஸ்கிரீன்ல ரெண்டு கர்சர் நகர்றதைப் பாக்கற குழந்தைக்கு, அந்த இன்னொரு கோடு ஒரு ஆள்னு புரியாது. கேம்ல வர்ற மாதிரி ஏதோ ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு அதைத் துரத்தும், அது எழுதறதை அழிச்சுப் பாக்கும். அதனால முப்பது பேரை இறக்கறதுக்கு முன்னாடி ரெண்டே பேரைக் கூப்பிட்டு, பெரிய ஸ்கிரீன்ல போட்டு, ஒருத்தி எழுத மத்தவன் அதை அழிக்கற மாதிரி ஒரு நிமிஷம் நடிக்க வைங்க. அழிச்ச உடனே அவ திரும்பி “ஏய்!”னு கத்துவா பாருங்க, அப்பத்தான் மத்தவங்களுக்கும் அந்தக் கோட்டுக்குப் பின்னால ஒரு மூஞ்சி இருக்குன்னு உறைக்கும். இந்த ஒரு நிமிஷம் எனக்கு அரை மணி நேரத்தை மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கு.

“உள்ளயே போக முடியலை”

ஸ்கிரீன்ல என்ன எழுதியிருக்குன்னு படிங்க, அதுலயே விடை இருக்கும்.

‘யூ நீட் ஆக்சஸ்’னு வந்தா அக்கவுண்ட் மாறிப் போயிருக்கு. பெரும்பாலும் வீட்டு டிவைஸ்ல அம்மா அக்கவுண்ட் திறந்திருக்கும், குழந்தையோட ஸ்கூல் அக்கவுண்ட் இருக்காது. வலது மூலைல இருக்கற வட்டத்தைத் தட்டி மாத்துங்க. குழந்தை அதுக்குள்ள ‘ரிக்வெஸ்ட் ஆக்சஸ்’ஸை பதினெட்டு தடவை தட்டியிருக்கும், உங்க மெயில்பாக்ஸ் நிரம்பியிருக்கும். அம்மா அக்கவுண்டுக்கு அவசரத்துல அனுமதி குடுத்துடாதீங்க, அது அப்புறம் வேற தலைவலி, கடைசில சொல்றேன்.

பேஜே கிடைக்கலைன்னு வந்தா லிங்க் தப்பு. நீளமான லிங்க்கைப் போர்டுல எழுதி இந்தப் பசங்களை அடிக்கச் சொல்றது பாவம், ஓவும் சைபரும் ஒரே மாதிரி, சின்ன எல்லும் பெரிய ஐயும் ஒரே மாதிரி, நமக்கே கண்ணைக் கட்டும். டேப்லெட்னா கியூஆர் கோடு ஒட்டுங்க. லேப்டாப்னா கூகுள் கிளாஸ்ரூம் மாதிரி ஒரே இடத்துலேர்ந்து கிளிக் பண்ணிப் போற மாதிரி வைங்க.

உள்ள போகுது ஆனா எழுத முடியலைன்னா, அது உங்க பக்கம். எடிட்டர்னு வைக்கலை, இல்லன்னா போன கிளாஸ்ல வியூவரா மாத்தினதைத் திருப்பலை. இதைக் கண்டுபிடிக்க ஒரு நல்ல வழி, உங்க கம்ப்யூட்டர்லயே இன்காக்னிட்டோ விண்டோல (உங்க அக்கவுண்ட் லாகின் ஆகாத தனி விண்டோ) ஒரு குழந்தையோட டெஸ்ட் அக்கவுண்டைத் திறந்து வெச்சுக்கறது. நம்ம விண்டோல நாமதான் ஓனர், நமக்கு எல்லாம் வேலை செய்யும், “எனக்கு வருதே, உனக்கு மட்டும் என்ன?”ன்னு குழந்தையைத் திட்டிட்டு இருப்போம்.

அக்கவுண்டே இல்லைன்னா, பெரும்பாலான நாடுகள்ல 13 வயசுக்குக் கீழ இருக்கறவங்க சொந்தமா கூகுள் அக்கவுண்ட் ஆரம்பிக்க முடியாது, ஸ்கூல் குடுக்கணும் இல்லன்னா பெத்தவங்க கண்காணிப்புல திறக்கணும். பிறந்த வருஷத்தை மாத்திப் போட்டு ஆரம்பிச்சுக் குடுக்கறவங்களைப் பாத்திருக்கேன். வேண்டாம். அக்கவுண்ட் கேக்காத டூலை எடுத்துக்கறது நல்லது.

“மிஸ், நான் கேப்பிபாராவா வந்திருக்கேன்!”

லாகின் இல்லாம லிங்க் வழியா வந்தா கூகுள் ஒவ்வொருத்தருக்கும் ஒரு மிருகத்தைக் குடுத்துடும். பெரியவங்க அதைக் கண்டுக்க மாட்டோம், ஆனா ஏழு வயசுக்கு இதை விடப் பெரிய விஷயம் உலகத்துல இல்ல. “நான் ஆக்சலாட்டில், நீ என்ன?”ன்னு ஆரம்பிச்சு, வேற மிருகம் வேணும்னு திரும்பத் திரும்ப வெளிய போய் உள்ள வருவாங்க, வேலை நடக்காது. சிரிப்பா இருந்தாலும் இதுல நிஜமான பிரச்சனை ஒண்ணு இருக்கு, வெர்ஷன் ஹிஸ்டரில இவங்க எல்லாரையும் மொத்தமா அனானிமஸ்னு ஒரே கூடைல போட்டுடும், எந்த மிருகம் எதை அழிச்சதுன்னு கண்டுபிடிக்கவே முடியாது. அதனால அழிஞ்சா யாருன்னு தெரியணும்ங்கற வேலைக்கு லாகின் வேணும். வெறும் அஞ்சு நிமிஷ விளையாட்டுக்குன்னா மிருகங்களே போதும், மூணு நிமிஷம் “உன் மிருகம் என்ன”ன்னு பேச விட்டுட்டு அப்புறம் வேலைக்கு வாங்க, அடக்கப் பாத்தா அடங்காது.

“படம் ஓடிப் போயிடுச்சு”

கட்டம் போட்ட அழகான படத்தை ஸ்லைடுல வெச்சு, அதுக்கு மேல விடையை இழுத்து வைக்கச் சொன்னீங்க. குழந்தை விடையை விட்டுட்டு படத்தையே இழுத்துட்டுப் போயிடுச்சு. விரல் பட்டதெல்லாம் நகரும்ங்கறதுதான் அவங்களுக்குத் தெரிஞ்ச விதி, அதுல தப்பும் இல்ல.

நகரக் கூடாததை நகர முடியாத இடத்துல வைக்கணும். ஸ்லைட்ஸ்ல அந்தப் படத்தைப் பேக்கிரவுண்டா போடுங்க, இல்லன்னா தீம் பில்டருக்குள்ள (ஸ்லைடோட அடிப்படை அமைப்பை மாத்தற இடம்) போய் லேஅவுட்லயே ஒட்டிடுங்க, ரெண்டுலயுமே சாதாரணமா வேலை பாக்கற இடத்துல அதைப் பிடிக்கவே முடியாது. மைக்ரோசாஃப்ட் ஒயிட்போர்டு, கேன்வா இதுலல்லாம் லாக் இருக்கு. ஆனா சில டூல்ல எடிட் உரிமை இருக்கற யார் வேணும்னாலும் அந்தப் பூட்டைத் திறக்கலாம், பூட்டுப் படத்தைப் பாத்தா அழுத்திப் பாக்காத குழந்தையை நான் இன்னும் பாக்கலை.

ஒவ்வொருத்தரும் தனியாப் பண்ண வேண்டிய வேலைன்னா எதுக்கு ஒரே டாகுமெண்ட்? ஆளுக்கு ஒரு காப்பி குடுத்துடுங்க. கிளாஸ்ரூம்ல ‘ஒவ்வொரு மாணவருக்கும் காப்பி’ங்கறதை போஸ்ட் பண்றதுக்கு முன்னாடியே தேர்ந்தெடுக்கணும், போட்டதுக்கு அப்புறம் மாத்த முடியாது. கிளாஸ்ரூம் இல்லைன்னா லிங்க்கோட கடைசில எடிட்னு இருக்கற இடத்துல காப்பின்னு மாத்தி அனுப்புங்க, திறக்கறவங்களுக்குத் தானா காப்பி கேக்கும். சேந்து பண்றதுக்கு அர்த்தம் இருக்கற வேலைல மட்டும் சேந்து பண்ண வைங்க, டூல் இருக்குங்கறதுக்காகப் பண்ணாதீங்க.

“கீபோர்டு கெட்டுப் போச்சு”, “ஸ்கிரீன் தலைகீழா இருக்கு”

இதெல்லாம் சில்லறை, ஒரே மூச்சுல சொல்லிடறேன். ஷிஃப்டை அஞ்சு தடவை தட்டினா விண்டோஸ்ல ஸ்டிக்கி கீஸ்னு ஒரு கேள்வி வரும், பசங்க ‘எஸ்’ குடுத்துடுவாங்க, வேண்டாம்னு மூடுங்க. வலது பக்க ஷிஃப்டை எட்டு செகண்ட் பிடிச்சுக்கிட்டே இருந்தா ஃபில்டர் கீஸ் வந்து கீபோர்டு செத்த மாதிரி ஆயிடும், பெரிய எழுத்து அடிக்கறேன்னு பிடிச்சுக்கிட்டே யோசிக்கற குழந்தைக்கு இது அடிக்கடி நடக்கும். குரோம்புக்ல ஸ்கிரீன் திரும்பிட்டா கன்ட்ரோல், ஷிஃப்டோட ரிஃப்ரெஷ் கீயை அது நிமிர்ற வரைக்கும் தட்டுங்க. எழுத்து எறும்பு மாதிரி ஆயிட்டா கன்ட்ரோலோட சைபர். டேபையே மூடிட்டா கன்ட்ரோல், ஷிஃப்டோட டி அடிச்சா திரும்பி வரும். ஐபேட்ல கீபோர்டு குட்டியாகி மிதந்தா ரெண்டு விரலை அது மேல வெச்சு விரிச்சா பழைய மாதிரி ஆயிடும். இந்த ஆறையும் ஒரு அட்டைல எழுதி ரெண்டு சூட்டிகையான பசங்க கைல குடுத்துடுங்க, அவங்கதான் மெக்கானிக். நீங்க ஓட வேண்டாம்.

“புள்ளி புள்ளியா வட்டம் வருது”

தமிழ்ல அடிக்கும்போது மட்டும் வர்ற வியாதி. ‘கெ’ன்னு கையால எழுதும்போது குழந்தை முதல்ல கொம்பைப் போடுது, அப்புறம்தான் ககரம். கீபோர்டுலயும் அதே மாதிரி கொம்பை முதல்ல தட்டுது. ஆனா யூனிகோட்ல (கம்ப்யூட்டர் எழுத்தைச் சேமிக்கற முறை) முதல்ல க, அப்புறம் கொம்பு, திரையில மட்டும் கொம்பு முன்னாடி வந்து நிக்கும். முதல்ல கொம்பைத் தட்டினா ஒட்டிக்க எழுத்து இல்லாம ஒரு புள்ளி வட்டத்தோட தொங்கிட்டு நிக்கும். ‘கொ’வுக்கு இன்னும் மோசம், கொம்பு, க, காலுன்னு மூணையும் தனித்தனியாத் தட்டுவாங்க.

இதைத் தப்புன்னு சொல்லிடாதீங்க, கையால எழுதறதுக்கு அவங்க கத்துக்கிட்டது சரிதான். “கீபோர்டுல முதல்ல வீடு, அப்புறம் கொடி”ன்னு சொல்லிக் குடுங்க, நான் அப்படித்தான் சொல்வேன். தமிழ்99ங்கற கீபோர்டு அமைப்புன்னா க தட்டி எ தட்டினா கெ வந்துடும், உயிரும் மெய்யும் சேந்தா உயிர்மெய்னு புத்தகத்துல படிச்சது விரல்லயே நடக்கும், அதனால எனக்கு அது பிடிக்கும். இங்கிலீஷ் எழுத்துல அடிச்சு தமிழா மாத்தற முறை இந்த வயசுக்கு வேண்டாம், ல ள ழ, ந ன ண குழப்பம் ஏற்கனவே இருக்கு, அதுல இங்கிலீஷ் எழுத்தும் சேந்தா விளங்கிடும். ரொம்பச் சின்னவங்களுக்கு குரோம்ல டாக்ஸ் திறந்து வாய்ஸ் டைப்பிங் போட்டுக் குடுக்கலாம், தமிழ் கேக்கும், ஆனா முப்பது பேர் ஒரே ரூம்ல பேசினா ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் டாகுமெண்ட்ல வந்து உக்காரும்.

“சுத்திக்கிட்டே இருக்கு”

முதல்ல மேல தலைப்புப் பக்கத்துல பாருங்க, ‘சேவிங்’னே நின்னா இல்ல கனெக்ட் பண்ணப் பாக்குதுன்னு வந்தா நெட். வேற ஒரு வெத்து டாகுமெண்டைத் திறந்து ஒரு வரி அடிங்க. அதுவும் மெதுவா இருந்தா நெட்தான், அது வேகமா இருந்தா உங்க ஃபைல்தான் கனம். போன்ல எடுத்த போட்டோ ஒண்ணே சில எம்பி இருக்கும், முப்பது பேர் ஆளுக்கு மூணு போட்டோ போட்டா பழைய லேப்டாப் மூச்சு வாங்கும்.

கூகுள் டாக்ஸ்ல ஒரே நேரத்துல 100 டேப் வரைக்கும் எடிட் பண்ணலாம், அதனால ஒரு கிளாஸுக்கு எண்ணிக்கை பிரச்சனை இல்ல. மூணு செக்‌ஷனுக்கும் ஒரே லிங்க்கைக் குடுத்து, குழந்தைங்க ஒவ்வொருத்தரும் அதையே ரெண்டு டேப்ல திறந்தா அந்த எல்லையைத் தொட்டுடுவீங்க. அஞ்சஞ்சு பேரா பிரிச்சு ஆறு ஃபைல் போடுங்க. வேகத்துக்கு மட்டும் இல்ல, அஞ்சு கர்சரைத்தான் ஒரு சின்னக் குழந்தையால கவனிக்கவும் முடியும்.

நெட் போனா கையைக் கட்டிட்டு உக்காராதீங்க, பேப்பரைக் குடுங்க. நெட் வந்ததும் அதைப் போட்டோ எடுத்து ஏத்திக்கலாம்.

“அவன் கெட்டதா எழுதறான்”

பேட்லெட்ல முதல் நாள் எனக்கு வந்த பதிவுகள்ல பாதி “ஆஆஆஆஆஆ”, மீதி அந்த ஒரு ஸ்மைலி, எதுன்னு நான் சொல்ல வேண்டியதில்ல. இது கெட்ட எண்ணம் இல்ல, புதுச் சுவத்தைப் பாத்தா கிறுக்கற ஆசைதான். மறுநாள்லேர்ந்து முதல் ரெண்டு நிமிஷம் “கிறுக்கல் போர்டு”ன்னு தனியா ஒண்ணைத் திறந்து என்ன வேணா போடுங்கன்னு விட்டேன், அப்புறம் அதை மூடிட்டு நிஜ போர்டைத் திறந்தேன், கிறுக்கல் நல்லாவே குறைஞ்சுது.

ஆனா இன்னொருத்தரைப் புண்படுத்தறது வேற விஷயம். பேட்லெட்ல நீங்க ஒப்புதல் குடுத்தாதான் பதிவு மத்தவங்களுக்குத் தெரியற மாதிரி ஒரு செட்டிங் இருக்கு, இந்த வயசுக்கு அதை ஆன் பண்ணாம ஆரம்பிக்காதீங்க. கெட்ட வார்த்தைக்கு ஃபில்டரும் இருக்கு, ஆனா இங்கிலீஷ் எழுத்துல அடிச்ச தமிழ்க் கெட்ட வார்த்தையை அது பிடிச்சுடும்னு நம்பி உக்காராதீங்க. பசங்களுக்குத் தன் பதிவைப் போடற உரிமை மட்டும் போதும், மத்தவங்க பதிவை மாத்தற உரிமை வேண்டவே வேண்டாம். நடந்துடுச்சுன்னா அழிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கிட்டு அப்புறம் அழிங்க, அந்தக் குழந்தைகிட்ட தனியாப் பேசுங்க. யார் பேர்லேர்ந்து வந்துதோ அவங்கதான் எழுதினாங்கன்னு முடிவு கட்டிடாதீங்க, பாத்ரூம் போனவ லேப்டாப்பைப் பக்கத்துல இருக்கறவன் தட்டினதை நான் ரெண்டு தடவை பாத்திருக்கேன், ரெண்டு தடவையும் முதல்ல திட்டு வாங்கினது அவதான்.

“இவளே எல்லாத்தையும் பண்றா”

டூல்ல இதுக்கு பட்டன் இல்ல. ரெண்டு பேருக்கு ஒரு டிவைஸ் குடுத்து, ஒருத்தர் சொல்லணும் ஒருத்தர் அடிக்கணும், சொல்றவர் கீபோர்டைத் தொடக் கூடாது, நாலு நிமிஷத்துக்கு ஒரு தடவை மணி அடிச்சா இடம் மாறணும். ஹிஸ்டரில கலரைப் பாத்து யாரு எவ்வளவு பண்ணினாங்கன்னு மார்க் போட்டுடாதீங்க, பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் யோசிச்சு சொன்ன குழந்தைக்கு அங்க ஒரு கலரும் இருக்காது.

“மிஸ், போன வருஷம் பண்ணினது எங்க?”

டூலையே மூடிட்டாங்கன்னா இப்படி ஆகும். கூகுள் ஜாம்போர்டுங்கற ஒயிட்போர்டு டூலை 2024 டிசம்பர் 31ஓட நிறுத்திட்டாங்க, அதை நம்பிப் பாடம் செஞ்சு வெச்சிருந்தவங்க நெறைய பேர். வேலை முடிஞ்ச அன்னைக்கே பிடிஎஃப்பா எடுத்து வெச்சுடுங்க, அவ்வளவுதான்.

“இது நான் எழுதலையே”

மேல அம்மா அக்கவுண்ட் பத்தி கடைசில சொல்றேன்னேன்ல, இதுதான். காலைல வந்து பாத்தா டாகுமெண்ட்ல எல்லாம் மாறியிருக்கும், யாரோ ஹேக் பண்ணிட்டாங்களோன்னு தோணும். ஹிஸ்டரி திறந்தா ராத்திரி பத்தே முக்கால்னு காட்டும். பிழையே இல்லாத வரிகள், முற்றுப்புள்ளி வெச்ச இடத்துல நிக்குது, “அழகிய வண்ணத்துப்பூச்சி ஒன்று எங்கள் தோட்டத்தில் சிறகடித்துப் பறந்தது”. ஏழு வயசு இப்படி எழுதாது. வீட்டுல யாரோ பிள்ளை தப்பா எழுதியிருக்கேன்னு ஆசையாத் திருத்திட்டாங்க, கூடவே பக்கத்துக் கட்டத்துல இருந்த இன்னொரு குழந்தையோடதையும்.

செய்ய வேண்டியது ஒண்ணுதான், கிளாஸ் முடிஞ்ச உடனே எல்லாரையும் வியூவரா மாத்துங்க, அடுத்த கிளாஸ் ஆரம்பிக்கும்போது திரும்ப எடிட்டர். வீட்டுல அவங்க ஆசையாப் பாக்கலாம், தொட முடியாது. மாத்த மறக்காம இருக்க போன்ல அலாரம் வெச்சிருக்கேன் நான்.

என் கிளாஸ்ல இப்படி நடந்த அன்னைக்கு, அந்தக் கட்டத்துக்குச் சொந்தக்காரப் பொண்ணு ஸ்கிரீனை ரொம்ப நேரம் பாத்துட்டு, “மிஸ், என்னோடது வேணும்”னா. முதல் நாள் வெர்ஷனைத் திறந்து அவ வரியை மட்டும் காப்பி எடுத்து ஒட்டினேன். “பட்டாம்பூச்சி என் மூக்குல உக்காந்துச்சி நாண் தும்மிட்டேன்.” மூணு சுழி ண். அவளே உக்காந்து ரெண்டு தடவை படிச்சுப் பாத்துட்டு, ஒரு சுழியை எடுக்கணும்னு கண்டுபிடிச்சு, பேக்ஸ்பேஸ் எங்க இருக்குன்னு தேட ஆரம்பிச்சா.